கரிசல் காட்டுச் சாப்பாடும் அவரவர் உடம்பும்

தூத்துக்குடி மாவட்டத்தில், கோவில்பட்டியிலிருந்து மணியாச்சிக்குச் செல்லும் ரயில் பாதையின் இருபுறமும் விரிந்து கிடக்கும் கரிசல் நிலம், தன்மேல் வாழும் மக்கள் எதை உண்ண வேண்டும் என்பதை நெடுங்காலம் தானே தீர்மானித்து வந்தது. கடம்பூரும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களும் இப்பாதையை ஒட்டியே அமைந்துள்ளன. இம்மண்ணில் மிகுந்துள்ள மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம், தன் நுண்ணிய படலங்களுக்கு இடையே நீர் புகும்போது உப்பி, நீர் வெளியேறும்போது சுருங்கும் இயல்புடையது. ஆகையால் கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் நிலம், ஐப்பசி மழையில் வெடிப்புகள் மூடிக்கொள்ள, குடித்த நீரைப் பல வாரங்கள் தன்னுள் வைத்திருக்கிறது. ஆண்டு முழுவதற்கும் 650 மில்லிமீட்டரை ஒட்டிய மழையே பெறும் இந்த வட்டாரத்தில், அதன் பெரும்பகுதியும் வடகிழக்குப் பருவத்தில் கொட்டித் தீர்ந்துவிடுவதால், நெல்லுக்குத் தேங்கி நிற்கும் நீர் கிடைப்பதில்லை. மண்ணில் ஊறிய ஈரத்தைக் கொண்டே முற்றி விளையக்கூடிய கம்பு, சோளம், குதிரைவாலி, உளுந்து, பாசிப்பயறு, பருத்தி ஆகியவற்றையே மானாவாரிப் புஞ்சை ஏற்றுக்கொண்டது. இவ்வகை வேளாண்மையை ஆராய்வதற்கென்றே 1901ஆம் ஆண்டில் கோவில்பட்டியில் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அது இன்றும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கி வருகிறது.

சமச்சீர் உணவு பற்றிய பேச்சு இன்று பெரும்பாலும் பட்டியல்களாகவே வந்து சேர்கிறது. இன்ன தானியம் நல்லது, இன்னது ஆகாது, இதைத் தின்றால் சர்க்கரை குறையும், அதைத் தின்றால் இடை மெலியும் என்னும் அப்பட்டியல்களில், உண்பவர் யார், அவர் என்ன வேலை செய்கிறார், அவர் உடலில் என்ன குறை, என்ன மிகை என்ற கேள்விகளுக்கு இடமே இருப்பதில்லை. கரிசல் வட்டாரத்தின் உணவு வரலாற்றை ஊன்றிப் பார்த்தால், சமநிலை என்பது எந்த ஒரு தானியத்துக்குள்ளும் ஒளிந்திருப்பதன்று என்பதும், தட்டில் உள்ளவற்றுக்கும் உடலுக்கும் உழைப்புக்கும் இடையே உள்ள பொருத்தமே அது என்பதும் தெளிவாகும். அப்பொருத்தம் ஒருமுறை அமைந்துவிட்டால் என்றைக்கும் நிலைப்பதும் இல்லை.

கம்பை எடுத்துக்கொள்ளலாம். களத்திலிருந்து வீட்டுக்கு வந்த கம்பு நேரே உலைக்குப் போனதில்லை. லேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் இட்டுக் குத்தி, சுளகில் புடைத்து மேல்தோலை நீக்கிய பின், மீண்டும் குத்தி உடைத்து, கொதிக்கும் நீரில் இட்டுக் கிண்டிக் கெட்டியான சோறாக வேகவைத்து, ஆறியபின் உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைப்பது வழக்கம். ஓர் இரவு கழிந்த பின் அந்த உருண்டையைக் கும்பாவில் கரைத்து மோர் சேர்த்துக் குடித்தனர். சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் கானத்துவையலும் சீனியவரை வத்தலும் அதற்கு வெஞ்சனம். இந்த நடைமுறையின் ஒவ்வொரு படியிலும், அதைச் செய்தவர்கள் அறியாமலே, ஒரு வேதியியல் வேலை நடந்தது. கம்பு 100 கிராமில் ஏறத்தாழ 11 கிராம் புரதமும் 11 கிராமுக்கு மேல் நார்ச்சத்தும் 6 மில்லிகிராமுக்குச் சற்று மேல் இரும்பும் உள்ளன. தீட்டிய பச்சரிசியிலோ புரதம் 8 கிராமையும், நார்ச்சத்து 3 கிராமையும் எட்டுவதில்லை, இரும்பு 1 மில்லிகிராமைக்கூடத் தொடுவதில்லை. ஆயினும் கம்பில் உள்ள இரும்பு முழுவதும் இரத்தத்தைச் சென்றடைவதில்லை. தானியங்களின் வெளியடுக்கில் செறிந்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் என்னும் பொருள் இரும்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பிணைத்துக் குடல் அவற்றை உறிஞ்சவிடாமல் தடுக்கிறது. குத்திப் புடைக்கும்போது அதில் ஒரு பகுதி உமியோடு போய்விடுகிறது. இரவு முழுக்க ஊறிப் புளிக்கும்போது நுண்ணுயிரிகளின் நொதிகள் எஞ்சியதில் ஒரு பகுதியைச் சிதைக்கின்றன. புளிப்பில் உண்டாகும் லாக்டிக் அமிலமோ இரும்பு கரைந்த நிலையில் இருக்க உதவுகிறது. ஆகவே, கம்பு வாங்கி மாவாக அரைத்து உடனே தோசை வார்ப்பவருக்கும், ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் கஞ்சியாகக் குடிப்பவருக்கும் ஒரே தானியத்திலிருந்து கிடைப்பது ஒரே அளவு இரும்பு அன்று.

மோரின் பங்கும் சிறிதன்று. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் செரிப்பதற்கு வேண்டிய லாக்டேஸ் நொதி, குழந்தைப் பருவம் கடந்தபின் பெரும்பாலோருக்குக் குறைந்துவிடுகிறது. அந்நொதி வயது வந்த பிறகும் சுரக்கக் காரணமான மரபுமாற்றம் வடமேற்கு இந்தியாவில் மிகுதியாகவும் தெற்கே வரவர அருகியும் காணப்படுகிறது என்பது 2012இல் வெளியான மரபணு ஆய்வில் உறுதியாயிற்று. ஒரு தம்ளர் பால் குடித்ததும் வயிறு உப்பி இரைச்சலிடும் ஒருவர், அதே பாலைத் தயிராக்கிக் கடைந்து மோராகக் குடித்தால் தொல்லையின்றி இருப்பதற்குக் காரணம், உறையூற்றும் நுண்ணுயிரிகள் அச்சர்க்கரையில் ஒரு பங்கை முன்னரே உண்டுவிடுவதும், எஞ்சியதைச் செரிக்கும் நொதியைத் தாமே குடலுக்குக் கொண்டுவருவதும் ஆகும். பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்பவர்கள் தயிரையும் மோரையும் சேர்த்தே விலக்கிக் கால்சியத்தை இழப்பது தேவையற்ற இழப்பு.

தானியத்தையும் மோரையும் தாண்டி, மழைக்காலத்தில் விதைக்காமலே முளைத்து வந்தவையும் அந்த உணவில் இருந்தன. கம்பங்காட்டில் களையோடு களையாக வளரும் தொய்யக்கீரை, வேலியோரத்து மிதுக்கங்காய், மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து முதல் மழைக்குக் கொடிவிடும் அதலைக்காய் ஆகியவை அவ்வகையின. பாகற்காய்க்கு உறவான அதலைக்காய் விரற்கடை அளவே நீளமுள்ளது, கசப்பு மிகுந்தது, பறித்தபின் நெடுநேரம் வைத்திருக்க முடியாமல் வெடித்துவிடும் இயல்புடையது ஆதலால், கரிசல் மாவட்டங்களின் சந்தைகளைத் தாண்டி வெளியூர் அங்காடிகளுக்கு அது போவது அரிது. அது சர்க்கரை நோயைப் போக்கும் என்று சொல்லப்படுவதற்கு அடிப்படை பெரும்பாலும் எலிகளிடம் செய்த சோதனைகளே ஆகையால், அதை மருந்தாகக் கொள்ளாமல் ஒரு நல்ல காயாகக் கொள்வதே முறை.

இத்தகைய உணவைப் பற்றிப் பேசும்போது பழமையின் மீது ஏக்கம் மிகுந்து, அக்காலத்தவர் எல்லாரும் நிறைவாக உண்டு நோயின்றி வாழ்ந்தனர் என்று முடிவு கட்டிவிடும் போக்கு இன்று பரவலாக உள்ளது. சிறுதானிய ஆண்டாக 2023 உலகளவில் கொண்டாடப்பட்டதற்குப் பின் அது இன்னும் வலுத்துள்ளது. வரலாறு அவ்வளவு இனிப்பானதன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் கரிசல் காட்டில் கஞ்சியும் பற்றாமல் இருந்தது. நெல்லுச்சோறு என்பது பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியதாகவே பல வீடுகளில் இருந்தது. மேலும், ஒரே தானியத்தை மட்டும் நம்பிய உணவு, அத்தானியம் எவ்வளவு சத்துள்ளதாயினும், தனக்கே உரிய குறைநோயைக் கொண்டுவரும் என்பதற்கு இந்திய ஊட்டச்சத்து அறிவியலிலேயே சான்று உண்டு. சேலத்தில் பிறந்தவரும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வழிநடத்தியவருமான சி. கோபாலன், தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடம் பெல்லக்ரா என்னும் நோய் இருப்பதை ஆராய்ந்தார். வெயில் படும் தோல் கருத்து உரிதல், வயிற்றுப்போக்கு, மனக்குழப்பம் ஆகியவற்றை அறிகுறிகளாகக் கொண்ட இந்நோய், நியாசின் என்னும் பி வகை வைட்டமின் போதாமையால் வருவது. மக்காச்சோளத்தையே நம்பியிருந்த அமெரிக்கத் தென்மாநிலங்களில் அது முன்னரே அறியப்பட்டிருந்தது. சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலம் உடலின் நியாசின் பயன்பாட்டைக் குலைக்கக்கூடும் என்று கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் முன்வைத்த விளக்கம் பின்னாளில் விவாதத்துக்கு உள்ளானாலும், பருப்பும் பாலும் இறைச்சியும் எட்டாத ஏழையின் சோளத் தட்டு நிறைவானதன்று என்பது மாறவில்லை. கம்புக்கும் இத்தகைய ஒரு மறுபக்கம் உண்டு: சூடானின் தார்ஃபூர் பகுதியில், அயோடின் குறைந்த நிலத்தில் கம்பையே பெரிதும் உண்ட மக்களிடம் கழுத்துக் கழலை மிகுந்திருந்ததையும், கம்பில் உள்ள சில நிறமிப் பொருள்கள் தைராய்டு சுரப்பியின் வேலையைத் தடுப்பதையும் 1980களின் இறுதியில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அயோடின் உப்பு புழங்கும் வீட்டில், மற்ற தானியங்களோடு கலந்து உண்ணப்படும் கம்பினால் இந்த அச்சம் எழ வேண்டியதில்லை. ஆனால் தைராய்டு சுரப்புக் குறைவுக்கு மாத்திரை உண்ணும் ஒருவர் மூன்று வேளையும் கம்புக்கு மாறுவதற்கு முன் தம் மருத்துவரிடம் ஒரு சொல் கேட்பது நல்லது.

இன்னும் பழைய சான்று நீலகிரியில் உள்ளது. குன்னூரில் 1918இல் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கப்பட்ட சிறு பிரிவே பின்னர் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாயிற்று. அதைத் தொடங்கிய ராபர்ட் மெக்காரிசன், இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்களின் உணவுகளை வெவ்வேறு எலிக் கூட்டங்களுக்கு ஊட்டி வளர்த்துப் பார்த்தபோது, முழுக்கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி அடங்கிய சீக்கியர் உணவு பெற்றவை நன்கு வளர்ந்தன. அரிசி மிகுந்து பாலும் கீரையும் அருகிய சென்னை மாகாண உணவு பெற்றவை வரிசையின் கடைசியில் நின்றன. இந்தச் சோதனையைக் கொண்டு கோதுமை உயர்ந்தது, அரிசி தாழ்ந்தது என்று தீர்ப்புச் சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். சோதனை உண்மையில் காட்டியது, தானியத்தோடு சேர்ந்து தட்டில் வந்தவற்றின் பங்கையே. தானியப் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பயறு வகைகளில் அது நிறைவு, ஆனால் மெத்தியோனின் குறைவு. இரண்டும் ஒரே நாளில் வயிற்றை அடையும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. நெல்லைச் சீமையின் உளுந்தஞ்சோறும், கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கானத்துவையலும் இந்த நிரப்பலையே செய்தன.

அந்த உணவை உண்டவர்களின் உழைப்பைக் கணக்கில் கொள்ளாமல் அதை மதிப்பிட இயலாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்ட அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் உட்கார்ந்தே வேலை செய்பவரானால் நாளொன்றுக்கு 2,110 கிலோகலோரி ஆற்றல் போதும். கடும் உடலுழைப்பாளியானால் 3,470 தேவை. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இவ்வளவுகள் முறையே 1,660, 2,720. இடைவெளி ஆயிரம் கிலோகலோரிக்கு மேல். அதாவது ஏறத்தாழ 300 கிராம் அரிசி. விடியுமுன் களையெடுக்கப் போய், வெயிலில் குனிந்து பருத்தி எடுத்து, பொழுது சாய வீடு திரும்பியவரின் தசைகள் அந்த மாவுச்சத்து முழுவதையும் அன்றன்றே எரித்துத் தீர்த்தன. வியர்வையில் உப்பு வெளியேறிய அவருக்கு வத்தலிலும் ஊறுகாயிலும் கருவாட்டிலும் இருந்த உப்பு பெரிய பாரமாகவும் இருக்கவில்லை.

பின்னர் மாறியவை பல, அவை ஏறக்குறைய ஒரே காலத்தில் மாறின. கோவில்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டித் தொழில் பெருகி, காட்டு வேலைக்குப் போன பெண்களில் பலர் தீப்பெட்டி ஆபீசுகளில் உட்கார்ந்து கட்டை அடுக்கவும் பெட்டி அடைக்கவும் தொடங்கினர். கம்பும் சோளமும் நின்ற புஞ்சைகளில் கோழித் தீவனத்துக்குப் போகும் மக்காச்சோளம் வந்தது. நியாயவிலைக் கடை அரிசி 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 ஜூன் முதல் விலையின்றியும் கிடைக்கலாயிற்று. பசியை ஒழித்ததில் இத்திட்டத்தின் பங்கு மிகப் பெரிது. அதைக் குறைத்துப் பேசுவோர் கரிசலின் பஞ்ச காலங்களை எண்ணிப் பார்ப்பதில்லை. எனினும் விளைவு ஒன்றும் உண்டு: விழாநாள் உணவாக இருந்த வெள்ளைச் சோறு மூன்று வேளை உணவாயிற்று, அளவு பழைய உழைப்பாளியின் அளவாகவே நின்றது, பயறும் கீரையும் மோரும் சுருங்கின. பழைய தட்டிலிருந்து தானியம் மட்டும் மாறியிருந்தால் இழப்பு சிறிதாகவே இருந்திருக்கும். இப்போது கடையில் வாங்கிய குதிரைவாலியை மட்டும் அந்தத் தட்டில் வைத்துவிட்டு மற்ற யாவும் மீண்டுவிட்டதாக எண்ணுவதும் அதே அளவு பிழையானது. அதிலும் வெள்ளை வெளேரென்று தீட்டி விற்கப்படும் குதிரைவாலியில் தவிட்டோடு நார்ச்சத்தின் பெரும்பங்கும் போய்விட்டிருக்கும்.

இந்தியர்களின் அன்றாட ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தும் சர்க்கரையிலிருந்துமே வருகிறது என்பது, சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் முதலியோர் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்விலிருந்து 2025இல் வெளியான முடிவு. அதே ஆய்வின் 2023ஆம் ஆண்டு அறிக்கை, நாட்டில் 10 கோடியைத் தாண்டிய மக்கள் நீரிழிவு உடையவர்கள் என மதிப்பிட்டது. ஆள் ஒல்லியாக இருந்தால் இந்தக் கவலை இல்லை என்னும் நம்பிக்கை ஊர்ப்புறத்தில் வலுவானது. அதை உடைக்க ஒரே ஒரு நிழற்படம் போதுமானதாக இருந்தது. புனேயின் மருத்துவ ஆய்வாளர் சி.எஸ். யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் அருகருகே நிற்கும் படம் 2004இல் லான்செட் இதழில் வெளிவந்தது. எடையை உயரத்தின் இருமடியால் வகுத்துப் பெறும் உடல் நிறைக் குறியீடு இருவருக்கும் 22.3, ஆனால் உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. இந்திய உடல், வெளியே மெலிந்து காட்டிக்கொண்டே வயிற்றுக்குள் கொழுப்பைச் சேர்த்து வைக்கும் போக்குடையது. எனவேதான் தராசைவிட அளவுநாடா நம்பத்தக்கது. தெற்காசியருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களில் 90 சென்டிமீட்டரையும் பெண்களில் 80 சென்டிமீட்டரையும் எட்டினாலே எச்சரிக்கை கொள்ள வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு.

இதுவரை சொன்னவை ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பொதுவானவை. ஒரே வீட்டில் ஒரே சட்டியில் உண்ணும் இருவரின் உடல்கள் அந்த உணவை எதிர்கொள்ளும் முறை எந்த அளவுக்கு வேறுபடும் என்னும் கேள்விக்குக் கடந்த பத்தாண்டுகளில்தான் அளவிட்ட விடை கிடைத்தது. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் 800 பேரின் உடலில் சர்க்கரையை இடைவிடாது அளக்கும் கருவிகளைப் பொருத்தி, அவர்கள் உண்ட 46,000க்கும் மேற்பட்ட வேளை உணவுகளைப் பதிந்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஒருவருக்கு வாழைப்பழத்தால் எகிறிய இரத்தச் சர்க்கரை மற்றொருவருக்கு அதனால் அசையாமல் பிஸ்கட்டால் எகிறியதையும், குடலில் வாழும் நுண்ணுயிரிகளின் கலவை இவ்வேறுபாட்டில் பங்கு கொள்வதையும் கண்டனர். பிரிட்டனில் இரட்டையர் உள்ளிட்ட ஏறத்தாழ ஆயிரம் பேரிடம் நடந்து 2020இல் வெளியான மற்றொரு ஆய்வு, மரபணுக்கள் முற்றும் ஒத்த இரட்டையரிடையேகூட ஒரே உணவுக்குப் பின் எழும் சர்க்கரையும் கொழுப்பும் வேறுபடுவதைக் காட்டியது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரு பிரிவாக்கி, ஒன்றுக்குக் கொழுப்புக் குறைந்த உணவும் மற்றொன்றுக்கு மாவுச்சத்துக் குறைந்த உணவும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தபோது, இரு பிரிவின் சராசரி எடைக்குறைவும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் பெருமளவு இளைத்தவரும் இருந்தனர், முன்னைவிடப் பருத்தவரும் இருந்தனர். யாருக்கு எது பலிக்கும் என்பதை மரபணுச் சோதனையால் முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை. ஆயிரக்கணக்கில் பணம் பெற்றுக்கொண்டு, எச்சிலைச் சோதித்து உணவுப் பட்டியல் தருவதாக விளம்பரம் செய்வோர் இந்த முடிவைப் பற்றிப் பேசுவதில்லை.

வேறுபாட்டையும் மிகைப்படுத்தக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்னும் புரதத் தேவையும், நாளுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்னும் வரம்பும், நார்ச்சத்தின் தேவையும் உடல்நலமுள்ள பெரியவர் எல்லார்க்கும் ஏறக்குறைய பொதுவே. கோதுமையில் உள்ள குளூட்டன் ஆகாத சீலியாக் நோய் தென்னிந்தியாவில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கே இருப்பதாக 2016இல் வெளியான பல்மாநில ஆய்வு காட்டிய பின்னும், எவரோ சொன்னதைக் கேட்டுச் சப்பாத்தியை விலக்குவோர் பலர். ஒத்துக்கொள்ளாமை என்பது அளந்தோ, விலக்கிப் பார்த்து மீண்டும் சேர்த்தோ அறிய வேண்டிய ஒன்று.

அப்படி அறிவதற்குக் கடம்பூர் போன்ற ஊரில் வாழும் ஒருவருக்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்க்கின்றனர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் அளவையும் அறியலாம். வீட்டில் சர்க்கரை அளக்கும் கருவி உள்ளவர், வழக்கமாக உண்ணும் சோற்றையும் குழம்பையும் உண்டு, முதல் கவளத்திலிருந்து இரண்டு மணிநேரம் கழித்து அளந்து குறித்துக்கொள்ளலாம். வேறொரு நாளில் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் சுண்டலையோ தட்டைப்பயறையோ பொரியலையோ வைத்து அளக்கலாம். இன்னொரு நாள் அதே அளவு சோற்றையே, காயையும் பயறையும் முதலில் உண்டுவிட்டுக் கடைசியில் உண்டு பார்க்கலாம். மாவுச்சத்தைக் கடைசியில் உண்டால் சர்க்கரை ஏற்றம் தணிகிறது என்பதை நியூயார்க்கில் 2015இல் வெளியான ஒரு சிறு ஆய்வு காட்டியது. உணவுக்குப் பின் இரண்டு மணிநேர அளவு 140ஐத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒரே ஆளுக்கு ஒரே உணவு இரு நாள்களில் இருவேறு அளவைக் காட்டுவதும் இயல்பு. முந்திய இரவின் தூக்கமும் அன்றைய நடையும் அந்த எண்ணுக்குள் இருக்கும். எனவே ஒவ்வொரு வகையையும் ஒருமுறைக்கு மேல் அளந்தே முடிவுக்கு வரவேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர், மருந்தின் அளவை மருத்துவரிடம் பேசாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும். சிறுநீரகம் பழுதுபட்டவருக்குப் பயறும் புரதமும் கூட்டும் அறிவுரை அப்படியே பொருந்தாது.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கும், மாதவிடாய் நிற்காத ஒரு பெண்ணுக்குச் சர்க்கரையைவிட இரும்பே முதல் கவலையாக இருக்கலாம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு பரிந்துரைக்கப்படுகிறது. அவர் கணவருக்கோ 19 போதும். ஒரே பானைச் சோற்றை இருவரும் உண்டு, கறியும் முட்டையும் ஆணின் இலைக்கே முதலில் போகும் வீட்டில், இந்த 10 மில்லிகிராம் பள்ளம் நாள்தோறும் ஆழமாகிறது. காலையில் புளித்த கம்பங்கஞ்சி, மதியம் கீரையோடு ஓர் எலுமிச்சைத் துண்டின் சாறு அல்லது ஒரு நெல்லிக்காய், வாரத்தில் சில நாளாவது முட்டையோ மீனோ கறியோ என்ற ஏற்பாடு அவருக்குப் பொருந்தும். எலுமிச்சையிலும் நெல்லியிலும் உள்ள வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ இதற்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது: டீயில் உள்ள டானின் இரும்பைப் பிணைத்துவிடும் ஆதலால், அதை ஒரு மணிநேரமாவது தள்ளிவைப்பது காசில்லாமல் கிடைக்கும் மருத்துவம். அதே வீட்டில், பல் போன, பசி குறைந்த எழுபது வயது முதியவருக்கு நார் மிகுந்த முழுக்கம்பு வயிற்றை முன்னதாகவே நிரப்பி, வேண்டிய புரதம் உள்ளே செல்லாமல் தடுத்துவிடும். அவருக்கு நல்லெண்ணெய் விட்டுக் கிண்டிய உளுந்தங்களியும் குழைந்த பருப்புச் சோறும் கட்டித்தயிரும் மேல். பள்ளி விட்டு வந்து மைதானத்தில் ஓடும் பிள்ளைக்கோ இந்தக் கட்டுப்பாடுகளில் பல வேண்டியதே இல்லை.

இந்த வட்டாரத்தின் பெயரை வெளியூர்களில் நிலைநிறுத்திய இரண்டு தின்பண்டங்களை விட்டுவிட்டு இப்பொருளைப் பேச முடியாது. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய், நிலக்கடலையும் வெல்லமும் சேர்ந்தது. நிலக்கடலையில் ஏறத்தாழ கால் பங்கு புரதமும் ஐந்தில் இரண்டு பங்கு கொழுப்பும் இருப்பதால், அதோடு சேர்ந்து வரும் இனிப்பு இரத்தத்தில் சற்று மெல்லவே ஏறும். வெல்லம் சர்க்கரை ஆகாது என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லை. அதன் பெரும்பகுதி சுக்ரோஸ், அதாவது சர்க்கரையில் உள்ள அதே பொருள். களையெடுப்பின் நடுவே உண்ணும் இரண்டு மிட்டாய்த் துண்டுகளும் கடைக் கல்லாவில் அமர்ந்தபடி உண்ணும் அதே இரண்டு துண்டுகளும் வெவ்வேறு கணக்கில் சேருகின்றன. கடம்பூர்ப் போளி இதைவிடச் சிக்கலானது: உள்ளே பூரணமாகக் கடலைப் பருப்போ தேங்காயோ இருந்தாலும், மேலே மைதா, உடன் இனிப்பு. நீரிழிவின் விளிம்பில் நிற்கும் ஒருவர், மாலையில் வெறும் வயிற்றில் டீயோடு இரண்டு போளி உண்டு இரண்டு மணிநேரம் கழித்து ஒரு நாளும், மதியம் சோற்றைக் குறைத்துக்கொண்டு பயறும் காயும் உண்டபின் பாதிப் போளி உண்டு, கால்மணி நேரம் நடந்துவிட்டு, அதே இரண்டு மணிநேரம் கழித்து மற்றொரு நாளும் அளந்தால், அவருடைய உடல் எவ்வளவு போளியை எந்த வேளையில் தாங்கும் என்பதை அவ்விரு எண்களும் அவருக்குச் சொல்லிவிடும்.